பக்கத்துப் பாயில் இருப்பவளின் காது

“நகை போடுபவரைக் கண்டிப்பதே அன்பு, பவுலே பேதுருவைக் கண்டிக்கவில்லையா?” என்கிறது ஒரு தரப்பு. கண்டித்தது உண்மைதான். எதற்காக?

அந்தியோகியாவில் யூதரல்லாத விசுவாசிகளோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுவந்த பேதுரு, எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் மெல்ல விலகிக்கொண்டார். கூட இருந்தவர்களை ஒதுக்கியதற்குத்தான் அந்தக் கண்டிப்பு. சாப்பாட்டு விஷயத்தில் பவுலின் பேச்சே வேறு. ரோமர் 14-ஆம் அதிகாரத்தில், இறைச்சி தின்பவரும் காய்கறியோடு நிறுத்திக்கொள்பவரும் ஒருவரையொருவர் குற்றவாளியாக்க வேண்டாம் என்கிறார்.

நகையிலும் இப்படி இரண்டு பழக்கம் உண்டு. தமிழ்நாட்டில் சி.எஸ்.ஐ. கோயிலில் தாலி கட்டிக் கல்யாணம் நடக்கிறது. பல பெந்தெகொஸ்தே சபைகளில் குந்துமணித் தங்கமும் கூடாது. தோட்டைக் கழற்றுவது ஒருத்தியின் பக்தி என்றால், தாராளமாகக் கழற்றட்டும். ஜெப நேரத்தில் கண்ணைத் திறந்து, பக்கத்துப் பாயில் இருப்பவளின் காதை எட்டிப்பார்ப்பது எந்த அதிகாரத்தில் வருகிறது?