கையேந்துவதும் தொண்டே

இரத்தல் இழிவு என்று ஆத்திசூடி படித்த நாளிலேயே நம் நெஞ்சில் பதிந்துவிட்டது. அதனால்தானோ என்னவோ, நற்காரியத்திற்கென்று உண்டியலைக் குலுக்கிக்கொண்டு ஒருவன் வந்தால் நம் முகம் சுளிக்கின்றது. நாமே அதை ஏந்த வேண்டுமென்றாலோ கால் கூசுகின்றது. இது வேண்டாத நாணம் என்பது என் துணிபு. மணிமேகலை பாத்திரம் ஏந்தியது தன் பசிக்கா?

அண்டை நாட்டில் நம் காலத்திலேயே அப்படிக் கையேந்தியவர் ஒருவர் இருந்தார். அவர் அப்துல் சத்தார் எதி. 1928-இல் குஜராத்தின் பாண்ட்வா என்னும் ஊரில் பிறந்து, 1947-இல் பிரிவினையின்போது குடும்பத்தோடு கராச்சி சென்றவர். நோயுற்றுக் கிடந்த அன்னைக்குப் பணிவிடை செய்தவர். துணி விற்றுப் பிழைத்தவர். 1951-இல் மீட்டாதர் என்ற நெருக்கடியான பகுதியில் சிறு மருந்தகம் ஒன்றைத் திறந்தார். நள்ளிரவில் யார் வந்தாலும் உதவ வேண்டுமென்று அதன் வாசல் பெஞ்சிலேயே படுத்துறங்கினார். 1957-இல் கராச்சியில் ஆசிய ஃப்ளூ காய்ச்சல் பரவியபோது கூடாரமடித்து மருந்து கொடுத்தார். அதைக் கண்டு மனமிரங்கிய ஒருவர் அளித்த நன்கொடையில் ஒரு பழைய வேன் வாங்கினார். ‘ஏழையின் வண்டி’ என்று அதற்குப் பெயரிட்டுத் தாமே ஓட்டினார். அந்த ஒரு வண்டிதான் பின்னாளில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட ஆம்புலன்சுகளாகப் பெருகியது!

பணம் எங்கிருந்து வந்தது? தெருவோரத்தில் நின்று கேட்டார், மக்கள் கொடுத்தார்கள். அரசின் பணத்தை அவர் நாடவில்லை. வழிதவறிச் சென்ற கீதா என்ற வாய் பேசாத இந்தியப் பெண்ணைப் பல ஆண்டுகள் காப்பாற்றி 2015-இல் அவரது நிறுவனம் நம்மிடம் அனுப்பிவைத்தபோது, நம் பிரதமர் அறிவித்த ஒரு கோடி ரூபாயையும் பணிவுடன் மறுத்தார். 2016 ஜூலை 8-இல் மறைந்தபோது கண்களையும் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒரு பெரிய மனிதரின் காசோலையால் வண்டி வாங்கலாம். ஆனால் ஆயிரம் பேரிடம் ஒவ்வொரு ரூபாயாய்க் கேட்டு வாங்கினால், ஆயிரம் பேர் அந்த வண்டிக்குச் சொந்தக்காரர் ஆகின்றார்கள். காசு போட்டவன் அடிபட்டவனைக் கண்டும் காணாமல் போவது கடினம்.

“2008 முதல் 108 இருக்கின்றதே, நமக்கெதற்கு இந்த வேலை?” என்று பேராசிரியப் பெருமக்கள் சிலர் கேட்கலாம். வண்டி வந்து சேரும்வரை உள்ள நிமிடங்கள் அருகில் நிற்பவனுடையவை. இரத்தம் பெருகும் காயத்தைத் துணியால் அழுத்திப் பிடிக்கவும், நினைவிழந்து மூச்சுவிடுபவனை ஒருக்களித்துப் படுக்கவைக்கவும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? போலீஸ், கோர்ட் என்ற அச்சமும் இனி வேண்டாம். உதவுவோரைக் காக்க 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே பிரிவு சேர்த்துவிட்டார்கள்.

சென்ற விளையாட்டு விழாவில் ஒரு நண்பனின் முழங்கால் கிழிந்தபோது நம் முதலுதவிப் பெட்டியில் இருந்தவை காலி டிங்சர் புட்டியும் துருப்பிடித்த கத்தரிக்கோலும்தான். கைக்குட்டையால் கட்டி அனுப்பினோம். நாட்டு நலப்பணித் திட்டமும் இளைஞர் செஞ்சிலுவைச் சங்கமும் உள்ள கல்லூரி இது! சங்கக் கூட்டங்களில் மாலை மரியாதைக்கு மட்டும் குறைவில்லை.

வரும் பருவத்திலிருந்து வாரம் ஒருநாள், கல்லூரி வாசலில் ஓர் உண்டியல். ஆளுக்கு ஒரு ரூபாய் போதும். பஞ்சு, கட்டுத்துணி, மருந்து வாங்கிய கணக்கை வெள்ளிக்கிழமைதோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுவோம். மிஞ்சும் பணத்தில் முதலுதவி கற்பிக்க ஒருவரை அழைக்கலாம். முதல் வாரம் உண்டியலை நானே ஏந்துகின்றேன். உடன் நிற்க இருவர் வேண்டும்.