பச்சை குத்திய புண்ணும் தீட்டும்

பச்சை குத்திக் கொள்ளும் வழக்கம் நமது நாட்டில் இன்று நேற்று உண்டானதல்ல. நம் பாட்டிமார்களின் கைகளைப் பார்த்தாலே இது விளங்கும். அன்று குறவர் குலத்துப் பெண்கள் வீடு வீடாய்ச் சென்று ஊசியினால் குத்திய அதே காரியத்தை, இன்று 'டாட்டூ' என்கின்ற பேரால், மின்சார ஊசி கொண்டு பட்டணத்துக் கடைகளில் ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து ஆண்களும் பெண்களும் செய்து கொள்ளுகின்றார்கள். அவரவர் தோல் அவரவருக்குச் சொந்தம். ஆதலால் குத்திக் கொள்ளலாமா, கூடாதா என்கின்ற விவகாரத்தில் நாம் இங்கு நுழையப் போவதில்லை. குத்திக் கொண்ட பிறகு அந்தப் புண்ணை ஆற்றுவதில் நடக்கும் மூடத்தனத்தைப் பற்றி மாத்திரம் சில வார்த்தை சொல்ல ஆசைப்படுகின்றோம்.

புதிதாய்க் குத்திய பச்சை என்பது முதலில் ஒரு புண். பிறகுதான் அது சித்திரம். ஊசியானது மேல்தோலைத் துளைத்து, உள்தோலில் ஏறக்குறைய ஒன்றிரண்டு மில்லி மீட்டர் ஆழத்தில் மையை வைக்கின்றது. மேல்தோல் ஓயாமல் உதிர்ந்து புதிதாய் உண்டாகிக் கொண்டே இருப்பதால் அதில் மை நிற்காது. உள்தோலிலோ, அன்னிய வஸ்து வந்துவிட்டதென்று ஓடிவரும் காவல் அணுக்கள் மையை விழுங்கி, ஜீரணிக்க முடியாமல் அங்கேயே தங்கி விடுகின்றன. அவ்வணுக்கள் சாகும்போது வெளிப்படும் மையைப் பக்கத்திலுள்ள புது அணுக்கள் எடுத்து விழுங்கிக் கொள்ளுகின்றன என்பதைப் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் எலிகளைக் கொண்டு சோதித்து 2018-ல் வெளியிட்டார்கள். பச்சை அழியாமலிருப்பதன் இரகசியம் இவ்வளவுதான்.

"செத்த பிறகு கூட வருவது பச்சை ஒன்றுதான்" என்று நம் மக்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். 1991-ல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் ஒரு மனிதனின் உடல் கிடைத்தது. அவன் செத்துச் சுமார் 5,300 வருஷமாகின்றது. அவன் மேனியில் 61 பச்சைக் குறிகள் இருக்கின்றன. அவை அவனோடு எந்த லோகத்திற்கும் போய்விடவில்லை. இத்தாலி தேசத்து போல்சானோ நகரப் பொருட்காட்சிசாலையில் அவன் தோலோடு தோலாக இருக்கின்றன. தோல் உள்ளவரை பச்சை. தோல் போனால் பச்சையும் போயிற்று.

நிற்க, புண் ஆற்றும் சங்கதிக்கு வருவோம். பச்சை குத்திக் கொண்டவர் வீட்டிற்கு வந்ததும் என்ன நடக்கின்றது? கண் பட்டுவிடும் என்று ஒருவர் விபூதியைக் குழைத்துப் பூசுகின்றார். மற்றொருவர் சுண்ணாம்பு தடவச் சொல்லுகின்றார். இன்னொருவர் அஞ்சறைப் பெட்டி மஞ்சளை அள்ளிக் கொண்டு வருகின்றார். இவை எல்லாவற்றையும்விடக் கேடானது, வீட்டில் மாதவிலக்காய் இருக்கும் பெண் அந்தப் பக்கம் வரக் கூடாது. அவள் நிழல் பட்டால் புண் சீழ் வைத்துவிடும் என்பது. புண் சீழ் வைத்துவிட்டாலோ, யாரோ தீட்டுக்காரி பார்த்துவிட்டாள் என்று பழியும் அவள் தலையில் போடப்படுகின்றது. பூசினவர் கை கழுவினாரா என்று மாத்திரம் எவரும் கேட்பதில்லை.

உண்மையில் தீட்டு எங்கே இருக்கின்றது? 1847-ல் வியன்னா நகரத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில் செம்மல்வைஸ் என்கின்ற டாக்டர் இதே கேள்வியைக் கேட்டார். பிணத்தை அறுத்துப் பார்த்த கையோடு டாக்டர்கள் பிரசவம் பார்க்க வந்ததால்தான் தாய்மார்கள் ஜன்னி கண்டு சாகின்றார்கள் என்று கண்டு, குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவும்படி செய்தார். சாவு மளமளவென்று குறைந்தது. படித்த பெரிய டாக்டர்கள், தங்கள் கையிலா அசுத்தம் என்று கோபித்துக் கொண்டு அவர் சொன்னதை ஏற்க மறுத்தார்கள். தன் கை சுத்தமென்றும் பிறத்தியார் நிழல் அசுத்தமென்றும் நினைப்பது நம் நாட்டு வைதீகர்களுக்கு மாத்திரம் சொந்தமான வியாதியல்ல என்பது இதிலிருந்து விளங்கும். சோப்புப் போட்டுக் கை கழுவிய பெண், எந்த நாளில் இருந்தாலும், புண்ணைத் தொடலாம். கை கழுவாதவர், எவ்வளவு மடியாய் இருந்தாலும், தொடக் கூடாது. கிருமிக்கு ஜாதியும் தெரியாது; பஞ்சாங்கமும் தெரியாது.

அப்படியானால் செய்ய வேண்டியதென்ன? குத்தியவர் கட்டிவிட்ட கட்டை அவர் சொன்ன நேரம் வரை வைத்திருந்து, பிறகு கையைக் கழுவிக் கொண்டு அவிழ்க்க வேண்டும். வெதுவெதுப்பான சுத்த நீரும் வாசனையில்லாத மென்மையான சோப்பும் கொண்டு விரல்களால் மெல்லக் கழுவ வேண்டும். நார் போட்டுத் தேய்க்கக் கூடாது. சுத்தமான துணியால் ஒற்றி எடுத்து, வாசனையற்ற களிம்பை மெல்லியதாகத் தடவினால் போதும். அப்பம் போல் அப்பினால் ஈரம் தங்கிப் புண் ஊறிப் போகும். முதல் சில நாள் சிவப்பும், சிறு வீக்கமும், நீர்க் கசிவும் இருப்பது சகஜம். பிறகு பொருக்குக் கட்டும், அரிக்கும். சொறியவோ பொருக்கைப் பிய்க்கவோ கூடாது. பிய்த்தால் மையும் போகும், தழும்பும் உண்டாகும். மேல்தோல் ஆறுவதற்கு இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். அதுவரை உராயாத பருத்தி ஆடை உடுத்த வேண்டும். வெயில் படாமல் காக்க வேண்டும்.

முக்கியமாக, குளம், ஆறு, கடல் எதிலும் இறங்கக் கூடாது. திருவிழாக் கடையில் பச்சை குத்திக் கொண்டு அப்படியே தீர்த்தத்தில் முழுகுகின்றவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் ஈரல் வியாதியுள்ள 31 வயது மனிதர் ஒருவர், காலில் பச்சை குத்திய ஐந்தாம் நாள் மெக்சிகோ வளைகுடாவில் நீந்தினார். கடல் நீரிலிருந்த கிருமி புண் வழியாகப் புகுந்து, சுமார் இரண்டு மாதத்தில் அவர் இறந்து போனார். 2017-ல் வைத்தியப் பத்திரிகையில் வெளியான சங்கதி இது. அவர் குத்திக் கொண்டிருந்தது சிலுவையும் கும்பிடும் கைகளுமாகும். அவருடைய சாவுக்காக நாமும் வருந்துகின்றோம். ஆனால் புண்ணுக்குள் புகும் கிருமி, மேலே எழுதியிருப்பது சிலுவையா, வேலா, சூலமா என்று பார்ப்பதில்லை என்பதை மறைப்பதில் யாருக்கு என்ன லாபம்?

"மஞ்சளில் குணமில்லையா?" என்று சிலர் கேட்பார்கள். மஞ்சளின் குணத்தைப் பற்றி நமக்கு வழக்கில்லை. பல கை பட்ட சமையல் தூள் திறந்த புண்ணுக்கு மருந்தாகாது என்றுதான் சொல்லுகின்றோம். "பாட்டி காலத்தில் ஆறவில்லையா?" என்றும் கேட்பார்கள். ஆறினவர்கள் கையைக் காட்டுகின்றார்கள். ஆறாமல் செத்தவர்கள் வந்து சாட்சி சொல்ல முடியாதே! தப்பிப் பிழைத்தவர்களை மாத்திரம் எண்ணி வழக்கத்திற்குப் பெருமை பேசுவது கணக்காகுமா?

புண்ணைப் பேணுவதால் மாத்திரம் எல்லா ஆபத்தும் தீர்ந்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். ஒருவருக்குக் குத்திய ஊசியை மற்றொருவருக்கும் குத்தினால் மஞ்சட்காமாலையை உண்டாக்கும் பி, சி வைரஸ்களும் எய்ட்ஸ் வைரஸும் பரவக் கூடும். அதை எந்தக் களிம்பும் பின்னால் தடுக்காது. மஞ்சட்காமாலைக்குப் பயந்தே நியூயார்க் நகரத்தில் 1961 முதல் 1997 வரை பச்சை குத்துவது தடுக்கப்பட்டிருந்தது. மையும் சுத்தமாயிருக்க வேண்டும். 2011-ல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் கலந்து விற்கப்பட்ட மையிலிருந்த கிருமியால் 19 பேருக்குத் தோல் வியாதி கண்டது. ஆகவே, புது ஊசியைக் கண்ணெதிரே பிரிக்கும்படி கேட்பதும், மை எப்படிப்பட்டதென்று விசாரிப்பதும் மரியாதைக் குறைவல்ல.

சிவப்பும் வலியும் நாளுக்கு நாள் குறையாமல் அதிகமாவது, சீழ் வைப்பது, புண்ணிலிருந்து சிவந்த கோடு ஓடுவது, காய்ச்சல் வருவது ஆகிய இவற்றில் எது கண்டாலும் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். நம் வீடுகளில் பிள்ளைகள், சிறப்பாகப் பெண் பிள்ளைகள், திட்டுக்குப் பயந்து புண்ணை முழுக்கைச் சட்டைக்குள் மறைத்து வைத்துச் சீழ் பிடிக்க விடுகின்றார்கள். பெற்றோர்களே! உங்கள் கோபத்தைப் புண் ஆறின பிறகு காட்டிக் கொள்ளலாம். புண் ஆறும்வரை உங்கள் பிள்ளைக்கு வேண்டியது வசவுமல்ல, திருஷ்டி கழிப்புமல்ல. சுத்தமான தண்ணீரும் சோப்பும், அவசியமானால் வைத்தியரும்தான்.

கடைசியாக ஒன்று. வாசற்படி தாண்டக் கூடாதென்று குறவர் பெண்ணைத் திண்ணையோரம் நிறுத்தி வைத்தவர்களே, அவள் ஊசிக்குத் தங்கள் கையை நீட்டினார்கள். இரத்தம் வரக் குத்தும்போது ஒட்டாத தீட்டு, தண்ணீர் கேட்கும்போது மாத்திரம் எங்கிருந்து வந்து ஒட்டிக் கொண்டது என்பதை வாசகர்கள் சற்று நிதானமாய் யோசித்துப் பார்க்கும்படி கேட்டுக் கொள்ளுகின்றோம்.