புள்ளியில்லாத கடற்படம்

நீர்மூழ்கிக் கப்பல் விளையாட்டு என்றதும், டொர்பீடோ பாய்வதையும் எதிரிக் கப்பல் பிளந்து அமிழ்வதையுமே நம்மிற் பலர் நினைப்பர். ஆயின், கணினியில் அவ்விளையாட்டை ஆண்டுக்கணக்காக ஆடிவருவோருள் ஒரு சாரார் வேறொரு கேள்விக்கு மனத்தைப் பறிகொடுத்துள்ளனர். “இப்பொழுது நாம் கடலில் எவ்விடத்தே நிற்கிறோம்?” என்பதே அது. கணினியருகே அமர்ந்து தாளிற் கோடு கிழித்துக்கொண்டிருக்கும் மகனைக் கண்டு சினங்கொள்ளும் பெற்றோர், அதற்குமுன் இதனைச் சற்றே வாசிப்பாராக.

2005ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சைலன்ற் ஹண்டர் 3’ இவ்வகை விளையாட்டுகளுட் பெயர்பெற்றது. ஆடுவோன் இரண்டாம் உலகப் போர்க்கால ஜேர்மன் நீர்மூழ்கியொன்றின் தலைவனாகிறான். உதவிகளை ஒவ்வொன்றாக விலக்கி, உண்மைத்தன்மையை நூறு வீதமாக உயர்த்தலாம். அவ்வாறு உயர்த்திய பின்னரும், கடற்படத்தில் அவனது கப்பலைக் காட்டும் சின்னம் மறைவதில்லை. புயலாயினும் இருளாயினும் அது இம்மியும் பிசகாது நிற்கும். மெய்யான தலைவனொருவன் அதனைக் கண்டிருந்தால் பொறாமையால் வெந்திருப்பான்!

அவனிடமிருந்தவை திசையறிகருவியும், வேகமானியும், கடிகாரமுமே. சென்ற திசையையும் வேகத்தையும் நேரத்தையும் கொண்டு, நின்ற இடத்தைக் கணித்தான். ஒரு மணிக்கு ஒரு கடல் மைல் வீதம் ஓடும் நீரோட்டம் கப்பலை அவனறியாமலே தள்ளுமாயின், ஒரு நாளில் 24 கடல் மைல் பிழைக்கும். ஜேர்மன் கடற்படையினர் கடலைக் கட்டங்களாகப் பிரித்திருந்தனர். மிகச் சிறிய கட்டத்தின் பக்கம் 6 கடல் மைல். ஆகவே, ஒரு நாட் பிழையே அவனை நான்கு கட்டங்களுக்கு அப்பால் நிறுத்திவிடும். விண்மீன்களை நோக்கிக் கோணமளந்து திருத்தலாம் எனின், மீனும் அடிவானமும் ஒருங்கே தெரிய வேண்டும். விடியலிலும் அந்தியிலும் சிறிது பொழுதே அது கைகூடும். முகில் மூடினால் அதுவுமில்லை. கடிகாரம் நான்கு விநாடி பிசகினாலோ, நெடுங்கோட்டில் ஒரு கலை பிசகும்.

யூ-47 இன் தலைவன் பிரீன் 1939 ஒக்டோபரில் ஸ்கபா புளோவை நோக்கிச் சென்ற கதையில் இதனை நன்கு காணலாம். வழியில் இடத்தைத் திடமாக அறிய வாய்ப்பில்லாதிருந்தமையால், கணிப்பையும் ஆழமளத்தலையுமே நம்பி வந்தான். 12ஆம் திகதி இரவு ஓர்க்னித் தீவுகளின் கரைவிளக்குகளைப் பிரித்தானியரே அரைமணி நேரம் ஏற்றிவைத்தனர். அவற்றைக் கொண்டு பார்த்தபோது, அவனது கணிப்பு 1.8 கடல் மைலே பிழைத்திருந்தது. மறுநாள் இரவு அவன் ஒடுங்கிய வாயில் வழியே நுழைய, ‘றோயல் ஓக்’ போர்க்கப்பல் மூழ்கியது. எண்ணூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். விளையாட்டில் நாம் கோடு கிழிக்கும் இக்கலை அன்று எதற்குப் பயன்பட்டது என்பதையும் ஆடுவோர் நினைவில் வைத்தல் நன்று.

கடற்படத்தின் சின்னத்தை நீக்கும் சேர்க்கைகளை ஆர்வலர் ஆக்கியுள்ளனர். எனினும், சுக்கான் பிடிப்பவனைப் பிழையின்றி ஓட்டவிட்டு வெறும் புள்ளியை மட்டும் மறைத்தலாற் பயன் சிறிதே என்பது என் எண்ணம். கணிப்புப் பொய்க்க வேண்டும், அதிலன்றோ சுவை! அதற்கு எளிய வழியொன்றுண்டு. தலைவன் கணினிக்கு முதுகுகாட்டித் தாளோடு அமர்க. தங்கை திரையின்முன் அமர்ந்து சுக்கானைப் பிடிக்கட்டும். நாடோறும் அவள் பகடை உருட்டி, அண்ணன் சொன்ன திசையை ஒன்று முதல் மூன்று பாகை வரை இரகசியமாக வலமோ இடமோ திருப்புக. மூன்று பாகை அற்பமெனத் தோன்றும். ஆயின் 200 கடல் மைல் சென்றதும் ஏறக்குறைய 10 மைல் விலகியிருக்கும். வானந் தெளிந்த அந்தியில் மாத்திரம் அவள் உண்மையான இடத்தைச் சொல்லலாம். அதுவரை அண்ணன் தன் கோட்டின் முனையைச் சுற்றி வட்டமொன்று வரைந்து, ஒவ்வொரு நாளும் அதனைப் பெரிதாக்கி வருக. தன் இடம் ஒரு புள்ளியன்று, அவ்வட்டமே என்பது அவனுக்கு விரைவில் விளங்கும்.

பிஸ்கே விரிகுடா வழியாக லோரியன் துறைக்கு மீளும்போது வானம் மூடியிருந்தால், கீழே எத்தனை மீற்றர் ஆழம் எனத் தங்கையைக் கேட்கலாம். 200 மீற்றருக்குக் குறைந்ததும் கரையோரத் திட்டின் விளிம்பைக் கடந்தாயிற்று. படத்தில் அவ்விளிம்பைத் தேடி வட்டத்தைச் சுருக்குக. ஆனால், ஆழமளக்கும் ஒலியை எதிரியும் கேட்கக்கூடுமாதலால், அடிக்கடி கேட்டல் ஆகாது.