கைக்கடிகாரத்தில் யாருடைய வானம்?

வான் பார்ப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்களுக்கென்றே கைக்கடிகாரங்கள் இருக்கின்றன. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனம் செய்யும் 'காஸ்மோசைன்' அவற்றில் பெயர்பெற்றது. முகப்பில் விண்மீன் வரைபடம், அதன்மேல் நீள்வட்டச் சாளரம். அடிவானத்துக்கு மேலே இப்போது இருக்கும் விண்மீன்கள் மட்டும் சாளரத்துக்குள் வரும். வரைபடம் ஒரு சுற்று முடிப்பது 24 மணி நேரத்தில் அல்ல, 23 மணி 56 நிமிடம் 4 விநாடியில். விண்மீன்கள் தினமும் ஏறக்குறைய நான்கு நிமிடம் முன்னதாக உதிக்கும் கணக்கு அது.

அழகான பொருள்தான். வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அந்த விலைக்கு நல்ல தொலைநோக்கியே வாங்கலாம். ஆனால் நான் வேண்டாம் என்றது விலைக்காக அல்ல.

அவர் பார்த்து வைத்திருந்த மாடலின் சாளரம் வடக்கு 35 பாகை வானத்துக்கானது. தோக்கியோவுக்குச் சரி. கோலாலம்பூரோ 3 பாகையில், சிங்கப்பூர் 1 பாகை சொச்சத்தில். அங்கே நல்ல உயரத்தில் நிற்கும் துருவ நட்சத்திரம் இங்கே அடுக்குமாடிகளுக்குப் பின்னால் கிடக்கிறது. தென்சிலுவை அங்கே உதிப்பதே இல்லை. மே மாத நடுவில், இரவு பத்து மணி வாக்கில், நம் தெற்கு வானில் அது நிமிர்ந்து நிற்கும்போது கையில் உள்ள கடிகாரம் அப்படியொன்று இல்லவே இல்லை என்று சாதிக்கும்.

நேரத்திலும் சிக்கல் உண்டு. 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்ப மலேசியா, சபா சரவாக்கோடு ஒத்துப்போக நேரத்தை அரை மணி முன்னே நகர்த்தியது. சிங்கப்பூரும் கூடவே நகர்ந்தது. (அதற்கு முன் பிறந்தவர்களுக்கு ஜாதகம் கணிப்போர் இந்த அரை மணியை மறக்கக்கூடாது.) இன்று சூரியக் கணக்கைவிட கோலாலம்பூர் 1 மணி 13 நிமிடமும் சிங்கப்பூர் 1 மணி 5 நிமிடமும் முந்தி ஓடுகின்றன. அதைக் கழிக்காமல் வரைபடத்தைத் திருப்பி வைத்தால், இன்னும் எழாத விண்மீனைக் கிழக்கே தேடிக்கொண்டு நிற்போம்.

கைத்தொலைபேசிச் செயலி போதாதா என்பீர்கள். கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆகும். வெளிச்சத் திரையை ஒருமுறை பார்த்தால் எல்லாம் போச்சு. கடிகாரத்துக்கு வேலை இருக்கத்தான் செய்கிறது.

நண்பருக்கு நான் சொன்ன வழி மலிவானது. சாவி கொடுக்கும் பழைய கடிகாரம் ஒன்றை நாளுக்கு நான்கு நிமிடம் வேகமாக ஓடும்படி திருத்தி வாங்க வேண்டும். செப்டம்பர் 22 வாக்கில், நம் நேரத்திலிருந்து மேலே சொன்ன வித்தியாசத்தைக் கழித்து முள்ளை வைக்க வேண்டும். அதன்பின் அது காட்டுவது விண்மீன் நேரம். தேதி எதுவானாலும், 5:55க்குத் திருவாதிரை ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல்; பன்னிரண்டரைக்குத் தென்சிலுவை நேர் தெற்கே. 12 மணி முகப்பு என்பதால் எந்தச் சுற்று என்று மட்டும் நினைவில் வைக்க வேண்டும். பழைய கடிகாரம் சொன்னபடி ஓடாது, வாரம் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

கடிகாரக்காரர்தான் நம்பமாட்டார். வேகமாக ஓடுகிறது, குறைத்துக் கொடுங்கள் என்றுதானே எல்லோரும் அவரிடம் போகிறார்கள்!