எரிந்த தொப்பி மறுபடி எப்படி வந்தது?

நீண்ட பதிவு. ஹாரி பாட்டர் ஏழு புத்தகங்களையும் இனிமேல்தான் படிக்கப் போகிறேன் என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். எல்லாவற்றையும் போட்டு உடைக்கப் போகிறேன். 2007-ல் முடிந்த கதைக்கு இதற்கு மேல் ரகசியம் காக்க என்னால் முடியாது.

போன வாரம் "ஹாரி பாட்டர் முடிவு எனக்குப் பிடிக்காது" என்று ஒரு வரி போட்டேன். முன்னாள் மாணவர்கள் வரிந்து கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். "டீச்சர், அது சின்னப் பசங்க கதை." "டீச்சர், எல்லாரும் கல்யாணம் பண்ணி நல்லா இருக்காங்க, அது பொறுக்கலையா?" "பிடிக்கலைன்னா ஏன் நாலு தடவை படிச்சீங்க?" கடைசிக் கேள்வி நியாயமானது. பிடித்ததால்தான் படித்தேன். பிடிக்காத கதை எப்படி முடிந்தால் எனக்கென்ன? சின்னப் பசங்க கதை என்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன்: அதனால்தான் இவ்வளவு கோபம்.

முதலில் பிடித்ததைச் சொல்கிறேன், இல்லாவிட்டால் நம்ப மாட்டீர்கள். 34 வருடம் பாடம் நடத்தியவள் நான். ஒரு நல்ல வகுப்பு எப்படி இருக்கும் என்று எந்தப் பயிற்சி வகுப்பும் எனக்கு மூன்றாம் புத்தகத்தின் லூப்பின் அளவுக்குக் காட்டியதில்லை. நெவில் என்ற பயந்தாங்கொள்ளிப் பையனை அத்தனை பேர் முன்னால் ஸ்னேப் மட்டம் தட்டிவிட்டுப் போகிறார். லூப்பின் சண்டைக்குப் போகவில்லை, பையனைச் சமாதானப்படுத்தவும் இல்லை. முதல் ஆளாக நெவிலைத்தான் கூப்பிடலாம் என்றிருந்தேன் என்கிறார். அவ்வளவுதான். அந்தப் பையன் ஏழாம் புத்தகத்தில் வாளோடு நிற்பதன் விதை அங்கே இருக்கிறது. பிறகு ஐந்தாம் புத்தகத்தின் அம்ப்ரிட்ஜ்: செய்முறை வேண்டாம், பாடப்புத்தகத்தை மட்டும் படி, தேர்வுக்கு அது போதும் என்பவர். வோல்டமார்ட்டை நான் நேரில் பார்த்ததில்லை. இந்த அம்மாவைப் பல தடவை பார்த்திருக்கிறேன். கடைசிப் புத்தகத்தில் ஹாரி தன் சாவை நோக்கிக் காட்டுக்குள் நடந்து போகும் அத்தியாயத்தை இன்றைக்கும் ஒரே மூச்சில் என்னால் வாசிக்க முடியாது. மூக்கைச் சிந்திவிட்டுத்தான் தொடர வேண்டும்.

இப்படிப்பட்ட கதையின் கடைசி அத்தியாயத்தில், பத்தொன்பது வருடம் கழித்து ஒரு ரயில் நிலையம். ஹாரியின் இரண்டாவது மகன் ஆல்பஸ் செவரஸ் முதல் முறையாக ஹாக்வார்ட்ஸ் போகிறான். ஒரே பயம்: என்னை ஸ்லித்தரினில் போட்டுவிட்டால்? அண்ணன்காரன் அதைச் சொல்லியே சீண்டுகிறான்.

பத்தொன்பது வருடம் கழித்தும் அந்தப் பள்ளியில் தொப்பி இருக்கிறது, பதினோரு வயதுப் பிள்ளைகளைத் தரம் பிரிக்கிறது, ஸ்லித்தரின் என்ற பேரைக் கேட்டால் பிள்ளை நடுங்குகிறது. அப்படியானால் அந்த ஏழு புத்தகமும் எதற்கு? அத்தனை பேர் எதற்குச் செத்தார்கள்?

படிக்காதவர்களுக்காக: ஹாக்வார்ட்ஸில் சேர்ந்த முதல் நாள் ராத்திரி பிள்ளையின் தலையில் ஒரு தொப்பியை வைப்பார்கள். அது க்ரிஃபிண்டார், ஹஃபிள்பஃப், ரேவன்க்ளா, ஸ்லித்தரின் என்ற நான்கு ஹவுஸில் ஒன்றைச் சொல்லும். நம் பள்ளிகளில் விளையாட்டு விழாவுக்கு மட்டும் சிவப்பு ஹவுஸ், நீல ஹவுஸ் என்று பிரிப்போமே, அந்த மாதிரி இல்லை. ஏழு வருடம் சாப்பாட்டு மேசை, தூங்கும் அறை எல்லாமே அந்த ஹவுஸோடுதான். தைரியசாலி, உழைப்பாளி, புத்திசாலி என்று மூன்று ஹவுஸுக்கு நல்ல பெயர். நான்காவதற்குக் காரியவாதி என்று பெயர். கெட்டுப்போன மந்திரவாதி எல்லாம் அங்கிருந்துதான் வருவான் என்று சேருவதற்கு முன்பே காதில் ஓதிவிடுகிறார்கள். ஹாரிக்கு ஹாக்ரிட் ஓதியது அதுதான். அதைக் கேட்டுத்தான் ஹாரி தொப்பியிடம் ஸ்லித்தரின் வேண்டாம் என்று கெஞ்சுகிறான். காட்டிக்கொடுத்த பீட்டர் பெட்டிக்ரூ க்ரிஃபிண்டார்க்காரன் என்பது பிற்பாடு தெரிகிறது. அதற்குள் ஹாரி எப்போதோ மேசையை மாற்றி உட்கார்ந்தாகிவிட்டது.

முதல் புத்தகத்தின் ஆண்டு இறுதி விருந்தை மட்டும் ஒரு ஆசிரியராகத் திரும்பப் படித்துப் பாருங்கள். ஸ்லித்தரின் 472 புள்ளி, க்ரிஃபிண்டார் 312. கோப்பை ஸ்லித்தரினுக்கு என்று கூடம் முழுக்கப் பச்சைக் கொடி கட்டியாகிவிட்டது. பிள்ளைகள் மேசையைத் தட்டிக் குதிக்கிறார்கள். அப்போது தலைமையாசிரியர் எழுந்து நின்று ரானுக்கு 50, ஹெர்மயனிக்கு 50, ஹாரிக்கு 60, நெவிலுக்கு 10 என்று அள்ளி விடுகிறார். கொடி நிறம் மாறுகிறது, மீதி மூன்று மேசையும் கைதட்டுகின்றன. நானும் முதல் தடவை கைதட்டாத குறைதான். ஆனால் அந்தப் புள்ளிகளை முதல் நாளே கொடுத்திருக்கலாமே? ஒரு ஹவுஸின் பிள்ளைகள் மொத்தப் பேரையும் மேடையேற்றி, அத்தனை பேர் பார்க்க இறக்கிவிட வேண்டுமா? அவர்களிலும் பதினோரு வயதுப் பிள்ளைகள் உண்டு. மால்ஃபாய் திமிர் பிடித்தவன், சரி. அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, பேர் கூட நமக்குத் தெரியாத பிள்ளை என்ன பண்ணியது?

இதைச் சொன்னால் "ரொம்ப யோசிக்கிறீங்க டீச்சர்" என்பீர்கள். யோசித்தது நான் இல்லை, கதையே யோசிக்கிறது. அதுதான் என் வாதமே. ஐந்தாம் புத்தகத்தில் அந்தத் தொப்பியே பாட்டுப் பாடுகிறது: பிரிப்பது என் வேலை, ஆனால் இப்படிப் பிரிப்பதே நம்மை அழித்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்கிற பொருளில். ஏழாம் புத்தகத்தில் ஸ்னேப்பின் நினைவுகள் வழியாக ஒரு காட்சி வருகிறது. நாம் பிள்ளைகளைச் சீக்கிரமே பிரித்துவிடுகிறோமோ என்று டம்பிள்டோர் வாய்விட்டே சொல்கிறார். ஸ்னேப்பின் முகத்தில் அறைந்த மாதிரி ஆகிறது. வோல்டமார்ட்டின் உயிர்த்துண்டு ஒன்றைத் திருடி, அதற்காகவே உயிரைவிட்ட ரெகுலஸ் பிளாக் ஸ்லித்தரின். இத்தனையையும் எழுதியது அதே ஆசிரியைதான். கேள்வியை அவரே கரும்பலகையில் பெரிதாக எழுதிவிட்டார். பதில் எழுத வேண்டிய இடத்தில் ரயில் ஏற்றி அனுப்பிவிட்டார்.

போருக்கு முந்தின ராத்திரியைப் பாருங்கள். பான்ஸி பார்க்கின்சன் என்ற ஒரே ஒரு பெண் ஹாரியைப் பிடித்துக் கொடுத்துவிடலாம் என்று கத்துகிறாள். உடனே ஸ்லித்தரின் மேசை மொத்தமும் முதலில் வெளியே அனுப்பப்படுகிறது. மற்ற மூன்று மேசையிலும் சிலர் சண்டைக்குத் தங்குகிறார்கள், அந்த மேசையில் ஒருவர் கூட இல்லை. (2011-ல் வந்த படத்தில் இன்னும் மோசம், நேராக நிலவறைக்கு அனுப்புகிறார்கள், எல்லாரும் கைதட்டுகிறார்கள்.) நான்கில் ஒரு பங்குப் பிள்ளைகளில் ஒரு பிள்ளைக்குக் கூட மனசாட்சி கிடையாதா? 34 வருடத்தில் அப்படி ஒரு வகுப்பை நான் பார்த்ததில்லை.

பிரித்து வைத்த வகுப்பைப் பார்த்திருக்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு அரையாண்டு மதிப்பெண்ணை வைத்துப் பத்தாம் வகுப்பை அ, ஆ, இ, ஈ என்று பிரித்தார்கள். ஈ பிரிவுக்கு மரியாதையாக 'மெல்லக் கற்போர்' என்று பெயர். ஜூன் மாதம் முதல் நாள் அந்த வகுப்புக்குள் போனால் நாற்பது பிள்ளைகள் நாற்பது விதமாக இருப்பார்கள். செப்டம்பருக்குள் ஒரே விதமாகிவிடுவார்கள். "நாங்க ஈ தானே மிஸ்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். பள்ளி எழுதிக் கொடுத்த வேடத்தைப் பிள்ளைகள் ஒழுங்காக நடித்தார்கள், அவ்வளவுதான். ஸ்லித்தரின் மேசையிலிருந்து எழுந்து போன அந்தக் கூட்டத்தைப் படிக்கும்போது எனக்கு அந்த நாற்பது பேர் ஞாபகம்தான் வரும்.

இப்போது என் முக்கியமான சாட்சியைக் கூப்பிடுகிறேன். கடைசிச் சண்டையில் வோல்டமார்ட் அந்தத் தொப்பியை நெவில் தலையில் வைத்துத் தீ வைக்கிறான். இனி ஹாக்வார்ட்ஸில் பிரிப்பதே கிடையாது, எல்லாருக்கும் ஸ்லித்தரின் சின்னமே போதும் என்கிறான். கதை முழுக்கத் தொப்பியை ஒழிப்பேன் என்று சொன்ன ஒரே ஆள் வில்லன்! அதனால்தான் தொப்பி காப்பாற்றப்பட வேண்டியதாயிற்று என்று என் மாணவன் ஒருவன் வாதாடினான். நல்ல வாதம், ஆனால் நிற்காது. எல்லாரையும் ஒரே மேசைக்கு அடிமையாக்குவது வேறு, மேசைகளை எடுத்துவிடுவது வேறு. இந்த வித்தியாசம் கதைக்கே தெரியும். அன்று காலை வோல்டமார்ட் செத்த பிறகு, மெக்கோனகல் அந்த நான்கு மேசைகளையும் பழையபடி போடுகிறார். ஆனால் யாரும் ஹவுஸ் பார்த்து உட்காரவில்லை. ஆசிரியர், மாணவர், பெற்றோர், ஆவிகள், சென்டார்கள், எல்ஃப்கள் எல்லாரும் கலந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு ஓரமாக மால்ஃபாய் குடும்பம், இருக்கலாமா போகலாமா என்று தெரியாமல். யாரும் அவர்களை விரட்டவில்லை.

அதுதான் முடிவு! கையில் இருந்தது! எழுதியே ஆகிவிட்டது! அங்கே புத்தகத்தை மூடியிருந்தால் இந்தப் பதிவே இல்லை. சில பக்கம் கழித்துப் பத்தொன்பது வருடத்தைத் தாண்டிக் குதித்து, கலைந்த மேசைகளை மறுபடி நாலாக அடுக்கி வைத்துவிட்டார்கள்.

ரயில் நிலையக் காட்சியில் மற்றதையும் பாருங்கள். க்ரிஃபிண்டாரில் சேராவிட்டால் சொத்து கிடையாது என்று ரான் தன் பிள்ளைகளிடம் தமாஷ் பண்ணுகிறான். மால்ஃபாயின் மகனைக் காட்டி, எல்லாப் பரீட்சையிலும் அவனைத் தோற்கடிக்க வேண்டும் என்று மகளுக்குச் சொல்கிறான். பள்ளிக்குப் போகும் முன்பே சண்டை மூட்டாதே என்று ஹெர்மயனி கண்டிக்கிறாள். அந்த நடைமேடையில் புத்தி தெளிந்த ஒரே ஆள். ஓட்டுநர் உரிமத் தேர்வில் மாயமில்லாத சாதாரண மனிதர் ஒருவரின் மூளையை மந்திரத்தால் குழப்பித் தேறிவிட்டதாக ரான் ஹாரியிடம் ரகசியமாகச் சொல்கிறான். இதுவும் சிரிப்புக்காகத்தான். சாதாரண மனிதர்களை விளையாட்டுப் பொம்மையாக நினைத்தவர்களோடுதான் ஏழு புத்தகமாகச் சண்டை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எல்ஃப்கள் பற்றிச் சுருக்கமாக. கூலியில்லாத அடிமைகள் அவர்கள். நான்காம் புத்தகத்தில் ஹெர்மயனி அவர்களுக்காகச் சங்கம் வைத்தாள், எல்லாரும் கேலி செய்தார்கள். கடைசிச் சண்டையில் க்ரீச்சர் என்ற கிழ எல்ஃப் சமையலறைக் கத்திகளோடு தன் கூட்டத்தை நடத்திக்கொண்டு வருகிறான். சண்டை முடிந்ததும் ஹாரிக்கு வரும் யோசனை: க்ரீச்சர் ஒரு சாண்ட்விச் கொண்டு வருவானா? பையன் களைத்திருக்கிறான், ஒத்துக்கொள்கிறேன். கிழவன் களைக்கவில்லையா?

பிற்பாடு ஹெர்மயனி அமைச்சகத்தில் சேர்ந்து எல்ஃப்களுக்காக வேலை செய்தாள், சில ஸ்லித்தரின் பிள்ளைகள் ஸ்லக்ஹார்னோடு சண்டைக்குத் திரும்பி வந்தார்கள் என்றெல்லாம் ஆசிரியை பேட்டிகளில் சொன்னார். சந்தோஷம். விடைத்தாளில் எழுதாததற்கு நான் யாருக்கும் மதிப்பெண் போட்டதில்லை.

கடைசியாக ஒரு எதிர்வாதம், இதுதான் கொஞ்சம் கனமானது. ஹாரி மகனிடம் நல்லபடியாகத்தானே சொல்கிறான்? உன் பெயரில் இருக்கும் இரண்டு தலைமையாசிரியர்களில் ஒருவர் ஸ்லித்தரின், அவரைப் போல் தைரியசாலியை நான் பார்த்ததில்லை என்கிறான். நீ எதைக் கேட்கிறாயோ அதைத் தொப்பி கணக்கில் எடுத்துக்கொள்ளும் என்றும் சொல்கிறான். தகப்பனாக அருமையான பதில். எனக்கும் பிடிக்கும். ஆனால் அவன் வெறும் தகப்பன் இல்லை, அந்த உலகத்தையே காப்பாற்றியவன். அவன் ஒரு வார்த்தை சொன்னால் தொப்பியை அலமாரியில் பூட்டியிருப்பார்கள். அதைவிட்டு, எங்கே கேட்டால் தப்பிக்கலாம் என்று மகனுக்கு மட்டும் காதோடு சொல்லிக்கொடுக்கிறான். தொப்பியைக் கேட்கத் தெரியாத பிள்ளை என்ன செய்யும்? கேட்கத் தெரிந்த பிள்ளையும் அப்பா எந்த ஹவுஸோ அதைத்தானே கேட்கும்?

முடிவை ரொம்ப முன்னாலேயே எழுதிப் பத்திரமாக வைத்திருந்ததாக ஆசிரியை சொல்லியிருக்கிறார். எனக்கு விடை அங்கேதான் கிடைக்கிறது. 1997-ல் முதல் புத்தகம் வந்தபோது அது ஒரு சின்னப் பையனின் கதை. அதற்கு இந்தக் கூரை சரியாக இருந்திருக்கும். பத்து வருடத்தில் வீடு ஏழு மாடி வளர்ந்துவிட்டது. கூரையை மாற்ற அவருக்கு மனம் வரவில்லை.

இப்போது மறுபடி தொலைக்காட்சித் தொடராக எடுக்கிறார்கள், புத்தகத்துக்கு ஒரு பருவம் என்று. அதைப் பார்க்க என் பேத்தி தயாராகிக்கொண்டிருக்கிறாள். இணையத்தில் ஏதோ கேள்வித்தாளை நிரப்பி, தான் ரேவன்க்ளா என்று அறிவித்துவிட்டாள். அவள் தம்பிக்கு ஸ்லித்தரின் வந்தது, இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். இருவருக்கும் ராத்திரியில் நான்தான் தமிழில் சொல்லிச் சொல்லிப் புத்தகத்தை வாசிக்கிறேன். மூன்றாவதில் இருக்கிறோம். ஏழாவது வரும்போது அந்தக் காலைச் சாப்பாட்டு மேசையில் புத்தகத்தை மூடி வைத்துவிடப் போகிறேன். மிச்சத்தை அவர்களே படித்துக்கொள்ளட்டும். படித்துவிட்டு என்னோடு சண்டைக்கு வந்தால், வாங்க, உங்களை மாதிரி அவர்களுக்கும் பதில் சொல்கிறேன்.