வார்ப்புரு: அடுத்து வருபவரை நினைத்துத் தேர்ந்தெடுங்கள்

2023 ஜனவரி முதல் நாள் சிங்கப்பூரில் பொருள், சேவை வரி 7 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடானது. சரியாக ஓராண்டில் அது 9 விழுக்காடானது. உங்கள் கடைக்கு இணையத்தளம் இருந்தால், அந்த எண்ணை எத்தனை இடங்களில் மாற்றினீர்கள்? ஓரிடத்தில் என்றால் தளத்தை அமைத்தவர் கெட்டிக்காரர். நாற்பது பக்கங்களைத் திறந்து தேடியிருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

முறுக்கு பிழிவதை நினைத்துப் பாருங்கள். மாவு மாறலாம், அச்சு அதேதான். இணையத்தளத்தில் அந்த அச்சுக்குப் பெயர் வார்ப்புரு, அதாவது டெம்பிளேட். பக்கத்தின் தலைப்பகுதியையும் அடிப்பகுதியையும் ஒருமுறை எழுதிவைத்தால் போதும். ஒவ்வொரு பக்கத்தின் உள்ளடக்கமும் அதில் வந்து அமர்ந்துகொள்ளும்.

எந்த அச்சு நல்லது என்பதில்தான் கருத்து வேறுபாடு. 1995ல் ராஸ்மஸ் லெர்டோர்ஃப் வெளியிட்ட பிஎச்பி, எச்டிஎம்எல் பக்கத்துக்குள்ளேயே நிரல் எழுத வழிசெய்தது. சிறிய தளத்துக்கு அது வசதி. தளம் வளரும்போதோ தரவுத்தளத் தேடல், வரிக் கணக்கு, அட்டவணை எல்லாம் ஒரே கோப்பில் சிக்கிக்கொள்ளும். 2009ல் வந்த மஸ்டாஷ் இதற்கு நேர் எதிர். வார்ப்புருவில் நிரல் தர்க்கம் கூடாது என்பது அதன் கொள்கை.

நான் நடுவழியை ஆதரிக்கிறேன். பைத்தானுக்கான ஜின்ஜா, பிஎச்பிக்கான டுவிக் போன்றவற்றில் நிபந்தனையும் சுழற்சியும் எழுதலாம். "பொருள் தீர்ந்துவிட்டதா? அப்படியானால் பொத்தானை மறை" என்பது காட்சி தொடர்பான முடிவு, அது வார்ப்புருவில் இருக்கட்டும். வரியைக் கணக்கிடுவது கடையின் விதி. அது நிரலில் இருக்கட்டும். வரி விகிதம் மாறும்போது வார்ப்புருவைத் தொட வேண்டியிருந்தால், எங்கோ தவறு நடந்திருக்கிறது.

பாதுகாப்பையும் கவனியுங்கள். வாடிக்கையாளர் கருத்து எழுதும் பெட்டியில் ஒருவர் நச்சு நிரலை ஒட்டினால், அதை அப்படியே வெளியிடும் வார்ப்புரு மற்றவர்களின் உலாவியில் அதை இயங்கவிடும். ஜாங்கோவும் டுவிக்கும் அத்தகைய குறிகளைத் தாமாகவே வெறும் எழுத்தாக மாற்றிவிடுகின்றன. ஜின்ஜாவைத் தனியாகப் பயன்படுத்தினால், அந்த வசதியை நாம்தான் இயக்க வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

சங்கம், ஆலயம் போன்றவற்றின் சிறிய தளங்களுக்கு ஜெக்கில், ஹியூகோ வகைக் கருவிகளே போதும் என்பேன். அவை பக்கங்களை முன்கூட்டியே தயாரித்துவிடுவதால் தரவுத்தளம் தேவையில்லை. கருவி நாளை கைவிடப்பட்டாலும், தயாரித்த பக்கங்கள் தொடர்ந்து இயங்கும். ஆனால், அலுவலக ஊழியர்கள் தினமும் செய்தி பதிவேற்ற வேண்டுமென்றால் இது அவர்களுக்குச் சிரமம். அங்கே வேர்ட்பிரஸ் பொருத்தமாக இருக்கும்.

நம் சங்கங்களின் தளத்தைப் பெரும்பாலும் ஓர் இளம் தொண்டூழியரே அமைத்துத் தருகிறார். பிறகு அவர் தேசிய சேவைக்கோ வேலைக்கோ போய்விடுகிறார். தளம் அன்று நின்ற இடத்திலேயே நிற்கிறது. பழைய தலைவரின் படமும் பழைய தொலைபேசி எண்ணும் ஆண்டுக்கணக்கில் தொங்குகின்றன.

ஆகவே, தளத்தைப் பெற்றுக்கொள்ளும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். அதை அமைக்காத வேறொருவரிடம் கோப்புகளைக் கொடுத்துத் தொலைபேசி எண்ணை மாற்றச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் முடித்தால், தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள். தலையைச் சொறிந்தால், அமைத்தவர் ஊரில் இருக்கும்போதே திருத்தச் சொல்லுங்கள்.