சாட்சியைத் தின்னும் மாத்திரை

தூக்க மாத்திரை என்று பேச்செடுத்தாலே நம்மாட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு கட்சி, "அதெல்லாம் விஷம், தொடவே கூடாது" என்கிறது. இன்னொரு கட்சி, "டாக்டர் குடுத்ததுதானே, ஒண்ணும் ஆகாது, போட்டுட்டுப் படு" என்கிறது. இரண்டோடும் எனக்கு உடன்பாடில்லை. என் சண்டை வேறு. மாத்திரை தன்னை என்ன செய்தது என்று சாப்பிட்டவர் சொல்லும்போது, அதை யார் காது கொடுத்துக் கேட்டார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்க ஹால்சியனை விடப் பொருத்தமான மருந்து கிடையாது. மருந்தின் வேதிப்பெயர் ட்ரையசோலாம். மிச்சிகனைச் சேர்ந்த அப்ஜான் நிறுவனத்தின் தயாரிப்பு. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1982-இல் அதை அனுமதித்தது. கடலை அமைதிப்படுத்தும் என்று கிரேக்கக் கதைகள் சொல்லும் மீன்கொத்திப் பறவையை நினைவூட்டும் பெயர். அதற்கு முந்தைய தூக்க மாத்திரைகள் பலவும் உடம்பில் நீண்ட நேரம் தங்கும், காலையில் தலை கனக்கும். ஹால்சியன் அப்படியில்லை. ஒன்றரையிலிருந்து ஐந்தரை மணி நேரத்துக்குள் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். ராத்திரி வந்துவிட்டு விடிவதற்குள் கிளம்பிவிடும் விருந்தாளி. காலையில் நீங்கள் தெளிவாக ஆபீஸ் போகலாம். அதுதான் அதன் விற்பனைப் பெருமையே.

விருந்தாளி போகும்போது எதை எடுத்துக்கொண்டு போகிறான் என்பதில்தான் சிக்கல். மூளையின் வேகத்தைத் தணிக்கும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையை இந்த மருந்து கூட்டுகிறது. தூக்கம் வருவது அதனால்தான். புதிய நினைவுகள் பதிவாகாமல் போவதும் அதனால்தான். மாத்திரை போட்டபின் எழுந்து நடந்தாலும், போனில் பேசினாலும், மறுநாள் எதுவும் ஞாபகத்தில் இல்லாமல் போகலாம். மருந்து சீக்கிரமே வெளியேறிவிடுவதால் சிலருக்கு விடியற்காலையிலேயே விழிப்புத் தட்டும், பகலில் பதற்றம் கூடும். அந்தப் பதற்றத்தைப் பார்த்துவிட்டு "உங்க நோய் முத்திடுச்சு" என்று சொல்வது எவ்வளவு சுலபம்! மாத்திரையின் அளவைக் கூட்டுவது அதைவிடச் சுலபம்.

இது தெரியாமல் நடந்ததா? இல்லை. 1979-லேயே நெதர்லாந்தின் தி ஹேக் நகரத்து மனநல மருத்துவர் வான் டெர் க்ரூஃப், ஹால்சியன் சாப்பிட்ட தன் நோயாளிகள் சொன்னதையெல்லாம் குறித்துவைத்து வெளியிட்டார். பயம், சந்தேகம், தனக்குப் பைத்தியம் பிடிக்கிறதோ என்ற திகில். நெதர்லாந்து அரசு அந்த ஆண்டே விற்பனையை நிறுத்தியது. மூன்று வருடம் கழித்து அமெரிக்கா அனுமதி கொடுத்தது. நோயாளிகள் சொன்னதற்கு அங்கே என்ன எடை இருந்தது என்று இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

இலக்கியம் வாசிக்கிறவர்களுக்கு ஹால்சியன் வேறு வழியாக அறிமுகமாகியிருக்கும். ஃபிலிப் ராத் 1987-இல் முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு இதைச் சாப்பிட்டு மனம் உடையும் நிலைக்குப் போனார். 'ஆபரேஷன் ஷைலாக்' நாவலில் அது வருகிறது. வில்லியம் ஸ்டைரன் தன் மனச்சோர்வைப் பற்றி எழுதிய 'டார்க்னஸ் விஸிபிள்' புத்தகத்தில், தன் தற்கொலை எண்ணங்களைத் தீவிரப்படுத்தியதில் இந்த மாத்திரைக்குப் பங்குண்டு என்று குற்றம்சாட்டினார். இரண்டு பேரையும் நாம் நம்புகிறோம். ஏன்? அவர்களுக்கு எழுதத் தெரியும், எழுதினால் அச்சடிக்க ஆள் உண்டு. அதே மாத்திரையைச் சாப்பிட்ட டைப்பிஸ்ட்டும் லாரி டிரைவரும் அதையே சொன்னால் அதற்குப் பெயர் 'அனெக்டோட்'. தனிப்பட்ட கதை, அறிவியல் இல்லை. அப்புறம் எப்படித்தான் அது அறிவியலாகும்? ஒவ்வொரு கதையையும் வாசலிலேயே திருப்பி அனுப்பினால் ஆயிரம் கதைகள் எப்படிச் சேரும்?

1988-இல் யூட்டா மாநிலத்தில், ஹால்சியன் சாப்பிட்டுவந்த ஒரு பெண் தன் தாயைச் சுட்டுக் கொன்றார். மருந்தின் பாதிப்பில் இருந்தார் என்று சொல்லிக் கொலைவழக்கு கைவிடப்பட்டது. அவர் நிறுவனத்தின் மேல் தொடுத்த வழக்கு 1991-இல் கோர்ட்டுக்கு வெளியே சமரசத்தில் முடிந்தது. அந்த வழக்குக்காக எடின்பரோவின் தூக்க ஆய்வாளர் இயன் ஆஸ்வால்ட் பழைய ஆய்வுத் தாள்களைப் புரட்டினார். 1970-களின் தொடக்கத்தில் மிச்சிகன் சிறைக் கைதிகளை வைத்து நடத்திய ஆய்வில், பக்கவிளைவுகள் பல அறிக்கைக்குள் வராமலே போயிருந்தது தெரிந்தது. எழுதியெடுக்கும்போது நேர்ந்த பிழை என்றது நிறுவனம். 1991 அக்டோபரில் பிரிட்டன் ஹால்சியனை நிறுத்தியது. அமெரிக்கா நிறுத்தவில்லை.

பிறகு அவதூறு வழக்கு. 1994-இல் லண்டன் நீதிமன்றம் இரண்டு பக்கத்துக்கும் குட்டு வைத்தது. ஆஸ்வால்டும் பிபிசியும் நிறுவனத்துக்கு இழப்பீடு தர வேண்டியதாயிற்று, நிறுவனமும் ஆஸ்வால்டுக்குத் தர வேண்டியதாயிற்று. ஆகவே இதைச் சதிக்கதையாக நான் சொல்லவில்லை. எனக்குச் சதி தேவையும் இல்லை. கைதிகள் வாய்விட்டுச் சொன்னது தாளில் ஏறவில்லை, அதைப் பல வருடம் யாரும் தேடவும் இல்லை. இந்த அலட்சியமே எனக்குப் போதும்.

பழங்கதை என்று ஒதுக்காதீர்கள். அடுத்து வந்த சோல்பிடெம் இன்னும் உலகம் முழுக்க விற்கிறது. எஃப்டிஏ அனுமதி 1992-இல். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவு, 10 மில்லிகிராம். பெண்களின் உடம்பு இதை மெதுவாகத்தான் வெளியேற்றுகிறது என்று சொல்லி, 2013-இல்தான் அவர்களுக்கு அளவைப் பாதியாக்கினார்கள். 10 மில்லிகிராம் சாப்பிட்டு எட்டு மணி நேரம் கழித்தும், வண்டி ஓட்டுவதைப் பாதிக்கும் அளவுக்கு மருந்து ரத்தத்தில் இருந்தது ஆண்களில் சுமார் 3 சதவீதம் பேருக்கு, பெண்களில் சுமார் 15 சதவீதம் பேருக்கு. இருபது வருடமாகக் காலையில் மயக்கமாக இருக்கிறது என்று சொன்ன பெண்களுக்கு என்ன பதில் கிடைத்திருக்கும்? "வீட்டு வேலை, டென்ஷன், ரெஸ்ட் எடும்மா." 2019-இல் எஃப்டிஏ கடுமையான எச்சரிக்கையைக் கட்டம் கட்டிப் போடச் சொன்னது. தூக்கத்தில் நடந்து, வண்டி ஓட்டி, விபத்தில் சிக்கியவர்கள் என இந்த வகை மருந்துகளில் 66 சம்பவங்கள் அதன் முன் இருந்தன. அதில் 20 பேர் இறந்திருந்தார்கள்.

"தூங்காம சாகிறவன்கிட்ட வந்து வரலாறு பேசாதே" என்று கோபம் வரலாம். நியாயம்தான். தூக்கமின்மை சித்திரவதை. சில நாட்களுக்கு, குறைந்த அளவில், இந்த மாத்திரைகள் உதவும். நிறுத்துவதானாலும் திடீரென்று நிறுத்தக் கூடாது, தூக்கமின்மை முன்பைவிட மோசமாகத் திரும்பும். ஆனால் நீடித்த தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டியது மருந்தில்லாத நடத்தைச் சிகிச்சை என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-லேயே பரிந்துரைத்துவிட்டது. அதற்கு நேரம் வேண்டும், ஆள் வேண்டும். மாத்திரைக்குச் சீட்டு எழுத ஒரு நிமிடம் போதும்.

நம் நாட்டில் சோல்பிடெம் ஹெச்1 பட்டியலில் இருக்கிறது. மருந்துக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் டாக்டர் பெயர், நோயாளி பெயர், கொடுத்த எண்ணிக்கை எல்லாம் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். யார் எத்தனை வாங்கினார் என்பதற்கு அதில் இடமுண்டு. வாங்கியவருக்கு என்ன ஆயிற்று என்பதற்கு இல்லை. அதற்கென்று மத்திய அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தில், நோயாளியே நேரடியாக நிரப்பித் தரக்கூடிய படிவம் ஒன்று உண்டு. உங்களில் எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறீர்கள்? எந்த டாக்டர் அதைப் பற்றி உங்களிடம் சொன்னார்?

கேட்பது பெரிதல்ல. இந்த மாத்திரையைச் சீட்டில் எழுதுகிறவர் எத்தனை நாளுக்கு, எப்போது, எப்படி நிறுத்துவது என்பதையும் சேர்த்து எழுதட்டும். சாப்பிட்டவருக்கு நினைவில்லாமல் போகலாம் என்பதால், அடுத்த முறை வரும்போது வீட்டில் கூட இருப்பவரையும் அழைத்துவரச் சொல்லட்டும். ராத்திரி இரண்டு மணிக்கு அடுப்பைப் பற்றவைத்தது யார் என்று அவருக்குத்தான் தெரியும். அவர் சொல்வதை "அதெல்லாம் மனப்பிரமைங்க" என்று தள்ளாமல் எழுதிக்கொள்ளட்டும். 1979-இல் தி ஹேக்கில் ஒரு மருத்துவர் செய்தது இவ்வளவுதான்.